எஸ்கோம்ப் கிராமத் தேவாலயம்: ஏடும் கல்வெட்டும் இல்லாமல் வயதைக் கண்டுபிடித்தது எப்படி?

கேள்வி இதுதான். இங்கிலாந்தின் டர்ஹாம் மாவட்டத்தில் எஸ்கோம்ப் என்று ஒரு சிற்றூர். அங்கிருக்கும் தேவாலயத்தை 7ஆம் நூற்றாண்டுக் கட்டடம் என்கிறார்கள். ஆனால் கட்டிய ஆண்டைச் சொல்லும் கல்வெட்டு அங்கே கிடையாது. கட்டியவர் பெயரும் தெரியாது. அந்தக் காலத்து ஏடு எதிலும் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அப்படியிருக்க, 1,300 ஆண்டுக்கு மேல் பழமை என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? அவ்வளவு பழைய கட்டடம் ஒரு சின்ன ஊரில் எப்படி முழுசாகத் தப்பியது?

இரண்டு கேள்விக்கும் பதில் அந்தச் சுவர்களிலேயே இருக்கிறது. அதனால் முதலில் கட்டடத்தைப் பார்த்துவிடுவோம்.

பிஷப் ஆக்லண்டு என்ற ஊருக்கு மேற்கே இரண்டு மைல் தொலைவில், வியர் ஆற்றுக்குப் பக்கத்தில் எஸ்கோம்ப் இருக்கிறது. ஊர் நடுவே வட்டமான ஒரு கல்லறைத் தோட்டம், அதற்கு நடுவில் தேவாலயம். சுற்றியுள்ள வீடுகளில் பெரும்பாலானவை 20ஆம் நூற்றாண்டில் கட்டியவை. கூம்புக் கோபுரம், வரிசைத் தூண்கள், வண்ணக் கண்ணாடியில் பெரிய ஜன்னல்கள் என்று எதிர்பார்த்துப் போனால் அதில் எதுவும் இங்கே இல்லை. இரண்டே இரண்டு அறைகள். மக்கள் நிற்கும் நீளமான கூடம் ஒன்று, அதன் கிழக்குக் கோடியில் பலிபீடம் இருக்கும் சிறிய அறை ஒன்று. கூடத்தின் உள்நீளம் சுமார் நாற்பத்து மூன்றரை அடி, அகலம் பதினான்கரை அடி. அதாவது அகலத்தைப் போல் சரியாக மூன்று மடங்கு நீளம். சுவரின் உயரமோ சுமார் 23 அடி, அகலத்தைவிட ஒன்றரை மடங்கு. உள்ளே நுழைந்ததும் கண் தானாக மேலே போகும். பீட அறை ஏறக்குறைய பத்தடிக்குப் பத்தடி சதுரம். இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கி உயர்ந்த ஒரு கல் வளைவு. அவ்வளவுதான் கட்டடம்.

சரி, இப்போது கற்களுக்கு வருவோம். கீழ்வரிசைகளில் பெரிய பெரிய கற்கள். நன்றாகச் சதுரித்து, முகம் கொத்திய கற்கள். மூலைகளில் இன்னும் பெரியவை. ஒரு வரிசையில் கல்லின் நீளம் ஒரு பக்கச் சுவரோடு போனால், அடுத்த வரிசையில் மறுபக்கச் சுவரோடு போகும்படி மாற்றி மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். அருகில் போய்ப் பார்த்தால் சில கற்களின் முகத்தில் உளியால் கொத்திய குறுக்குக் கோடுகள் வைரக்கட்டமாக ஓடுவது தெரியும். அந்த வட்டாரத்தில் இந்த வேலைப்பாடு யாருடையது என்பதில் சந்தேகமே இல்லை. அது ரோமானியக் கல்தச்சர்களின் கைவேலை.

ஆதாரம் இன்னும் நேரடியாகவே இருக்கிறது. வடக்குச் சுவரின் வெளிப்புறத்தில் ஒரு கல்லில் லத்தீன் எழுத்துகள் வெட்டியிருக்கின்றன. எழுத்துகள் தலைகீழாக நிற்கின்றன. தலையைச் சாய்த்துப் படித்தால் ‘ஆறாம் லீஜியன்’ என்பதன் சுருக்கம். ஹேட்ரியன் பேரரசர் காலத்தில், கி.பி. 122 வாக்கில் பிரிட்டனுக்கு வந்து யார்க் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ரோமானியப் படைப்பிரிவு அது. எஸ்கோம்புக்குச் சில மைல் தொலைவில் பின்செஸ்டர் என்ற இடத்தில் ரோமானியப் படையின் பெரிய கோட்டை ஒன்று இருந்தது. ரோமானியர் அதை வினோவியா என்றார்கள். யார்க்கிலிருந்து வடக்கே போகும் ராணுவச் சாலை அந்தக் கோட்டை வழியாகத்தான் போனது. 410 வாக்கில் ரோமானிய ஆட்சி பிரிட்டனை விட்டுப் போனபின் கோட்டை மெல்ல மெல்லக் கேட்பாரற்றுப் போயிற்று. சதுரித்த, கொத்திய, நல்ல கல் மலைபோல் அங்கே கிடந்தது. தேவாலயம் கட்டியவர்கள் கல்வெட்டாங்குழிக்குப் போகவில்லை, பின்செஸ்டருக்குப் போனார்கள்.

அந்தக் கல் தலைகீழாக இருப்பது மிக முக்கியம். எழுத்து நேராக இருந்திருந்தால், ‘இது ரோமானியரே கட்டிய சுவராக இருக்கக்கூடாதா’ என்று ஒருவர் வாதாடலாம். தலைகீழாக வைத்தவருக்கு அது வெறும் கல். எந்தப் பக்கம் சமமாக உட்காருகிறதோ அந்தப் பக்கம் வைத்தார். ஆக, கட்டடம் ரோமானியருக்குப் பிந்தியது என்பது உறுதி. ஆனால் இது ஒரு முனையை மட்டும்தான் கட்டுகிறது. ரோமானியக் கல்லை 7ஆம் நூற்றாண்டிலும் எடுத்திருக்கலாம், 12ஆம் நூற்றாண்டிலும் எடுத்திருக்கலாம். மறுமுனையைக் கட்ட வேறு சாட்சிகள் வேண்டும்.

கூடத்துக்கும் பீட அறைக்கும் நடுவிலுள்ள அந்த வளைவிடம் போவோம். என்னைக் கேட்டால் இந்தக் கட்டடத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. வளைவின் கற்கள் ஒவ்வொன்றும் ஆப்பு வடிவில் அளந்து வெட்டியவை. ஒன்றோடொன்று அவ்வளவு துல்லியமாகப் பொருந்துகின்றன. சுற்றியுள்ள சுவரின் வேலையை விட இது பல படி மேல். அதனால் இந்த வளைவை அப்படியே பின்செஸ்டரில் பிரித்துக் கொண்டுவந்து இங்கே மறுபடி கூட்டியிருக்கிறார்கள் என்றுதான் ஆய்வாளர்கள் பலரும் கருதுகிறார்கள். வளைவைத் தாங்கும் பக்கக் கால்கள் மட்டும் வேறு கை. அவற்றில் ஒரு கல் நெட்டுக்குத்தாக நிற்கிறது. அதன்மேல் ஒரு கல் படுக்கையாக, சுவருக்குள் நன்றாக நுழைந்து கிடக்கிறது. அதன்மேல் மறுபடி ஒரு நெட்டுக்கல். படுக்கைக் கல் சுவரோடு காலைப் பிணைக்கிறது, நெட்டுக்கல் உயரத்தைச் சீக்கிரம் கூட்டித் தருகிறது. ரோமானியருக்குப் பின் இங்கிலாந்தில் குடியேறிய ஜெர்மானிய மக்களான ஆங்கிலோ-சாக்சன்களின் (சுருக்கமாகச் சாக்சன்களின்) கட்டடங்களைப் பற்றி எழுதும் கட்டடக்கலை அறிஞர்கள் இந்த அடுக்கு முறைக்கு ‘எஸ்கோம்ப் பாணி’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வேறு பல இடங்களில் கண்டாலும் அதே பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள். இது, பிரான்ஸின் வடக்கிலிருந்து வந்து இங்கிலாந்தைக் கைப்பற்றிய நார்மன்கள் வருவதற்கு முந்தைய கொத்தர்களின் பழக்கம். 1066க்குப் பிறகு வந்த நார்மன் கொத்தர்கள் சுவரை இதைவிடத் தடிமனாக எழுப்பினார்கள். நடுவில் உடைகல்லும் காரையும் கொட்டி நிரப்பினார்கள். எஸ்கோம்பின் சுவரோ இவ்வளவு உயரத்துக்கு மெல்லியது, இரண்டரை அடிக்கும் குறைவு.

அடுத்து ஜன்னல்கள். இப்போது உள்ளே வெளிச்சம் தருபவற்றில் பெரியவை எல்லாம் பிற்காலத்தில் சுவரை வெட்டி வைத்தவை. அவற்றைக் கண்ணிலிருந்து விலக்கிவிட்டு, சுவரின் மேல்பகுதியைப் பாருங்கள். வடக்கில் இரண்டு, தெற்கில் இரண்டு, கைக்கடக்கமான சிறு ஜன்னல்கள் தெரியும். வடக்கில் உள்ளவற்றுக்கு மேலே தட்டையான கல்; தெற்கில் உள்ளவற்றுக்கு ஒரே கல்லில் குடைந்த அரைவட்டத் தலை. வெளியே சிறிய துளை. உள்ளே வர வரப் பக்கங்கள் சரிந்து அகன்றுகொண்டே போகும். வெளியிலிருந்து வரும் கொஞ்ச வெளிச்சம் அந்தச் சரிவில் பட்டு உள்ளே பரவும், குளிர்காற்றோ குறைவாகத்தான் நுழையும். வடக்கு இங்கிலாந்துக் குளிரில் இது எவ்வளவு யோசித்துச் செய்த வேலை என்பது அங்கே பிப்ரவரியில் நின்றவர்களுக்குப் புரியும். நமக்கு முக்கியமானது, சரிவு உள்பக்கம் மட்டும்தான் இருக்கிறது என்பது. 10, 11ஆம் நூற்றாண்டுச் சாக்சன் கொத்தர்கள் இரண்டு பக்கமும் சரிவு வைக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தப் பழக்கம் இங்கே வரவில்லை. அதேபோல, பிற்காலச் சாக்சன் தேவாலயங்களின் அடையாளமான மேற்குக் கோபுரம் இல்லை, சுவரில் பட்டைபட்டையாக ஓடும் கல்வரிகளும் இல்லை. இருப்பதைப் போலவே இல்லாததும் இங்கே சாட்சி சொல்கிறது.

மறுமுனையை நெருக்கமாகக் கட்ட, நார்தம்ப்ரியா ராஜ்யத்தின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். இன்றைய வடக்கு இங்கிலாந்தும் தெற்கு ஸ்காட்லாந்தின் ஒரு பகுதியும் சேர்ந்ததுதான் நார்தம்ப்ரியா. அதன் அரசர் எட்வின் 627இல் யார்க்கில் ஞானஸ்நானம் பெற்றார். அவருக்குப் பின் வந்த ஆஸ்வால்டு, ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள அயோனா மடத்திலிருந்து எய்டன் என்ற துறவியை 635இல் அழைத்து லிண்டிஸ்பார்ன் தீவில் குடியமர்த்தினார். அந்த மரபில் வந்தவர்கள் மரத்தில்தான் கோயில் கட்டினார்கள். எய்டனுக்குப் பின் வந்த ஆயர் (பிஷப்) பினான், லிண்டிஸ்பார்னில் ஓக் மரத்தைப் பிளந்து சுவர் எழுப்பி நாணல் வேய்ந்தார் என்று, இங்கிலாந்துத் திருச்சபையின் வரலாற்றை எழுதிய துறவி பீட் எழுதியிருக்கிறார். அப்புறம் 664இல் விட்பி என்ற ஊரில் திருச்சபைச் சங்கம் கூடியது. உயிர்ப்புப் பெருவிழாவை (ஈஸ்டரை) எந்த நாளில் கொண்டாடுவது என்பதில் அயர்லாந்து வழக்கமா, ரோம வழக்கமா என்று விவாதம் நடந்து, அரசர் ரோமின் பக்கம் நின்றார்.

அந்தத் தீர்ப்புக்குப் பிறகு கட்டடங்களும் மாறின. பெனடிக்ட் பிஸ்கோப் என்ற பிரபு, பலமுறை ரோமுக்குப் போய் வந்து துறவியானவர், 674இல் வியர் ஆற்றின் முகத்துவாரத்தில் உள்ள மங்க்வேர்மவுத்தில் மடம் நிறுவினார். ரோமானிய முறைப்படி கல்லில் கட்ட வேண்டும் என்று கால் நாட்டிலிருந்து, அதாவது இன்றைய பிரான்ஸிலிருந்து, கொத்தர்களை அழைத்து வந்தார். பிறகு கண்ணாடி செய்பவர்களையும் அங்கிருந்தே வரவழைத்தார். அந்தத் தொழில் அதுவரை இங்கே தெரியாது, அவர்கள் வந்துதான் கற்றுக்கொடுத்தார்கள் என்று பீட் தெளிவாகவே சொல்கிறார். சில ஆண்டுகளில் அருகே ஜாரோவில் இரண்டாவது மடம் எழுந்தது. பீட் சிறுவயதிலிருந்தே இந்த மடங்களில் வளர்ந்தவர், 735இல் மறைந்தவர். அதனால் அவர் சொல்வது கேள்விப்பட்ட கதை அல்ல, சொந்த வீட்டுச் செய்தி.

எஸ்கோம்ப் இந்தக் குடும்பத்துப் பிள்ளை. மங்க்வேர்மவுத்தின் பழைய கூடமும் இதே மாதிரி ஒடுங்கி, நீண்டு, உயர்ந்தது. எஸ்கோம்பின் மண்ணில் தோண்டியபோது பழைய ஜன்னல் கண்ணாடித் துண்டுகளும் கிடைத்தன. ஓர் ஒப்பீடும் உதவும். அதே காலத்தில் தெற்கே கென்ட் பகுதியில் கட்டிய தேவாலயங்களில் கிழக்குக் கோடி அரைவட்டமாக வளைந்திருக்கும். 669இல் தொடங்கிய ரெகல்வர் அப்படிப்பட்டது. வடக்கே அந்த வளைவு கிடையாது; சதுர அறைதான். ஆக, வரைபடம், விகிதம், ஜன்னல், வளைவின் கால்கள், கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஒரே காலத்தைச் சுட்டுகின்றன: 670க்கும் 690க்கும் இடைப்பட்ட ஆண்டுகள். எந்தச் சான்றும் தனியாக நின்றால் போதாது. எல்லாம் ஒரே திசையில் கை காட்டுவதால்தான் நம்பிக்கை வருகிறது. எழுத்தில் எஸ்கோம்ப் என்ற ஊர்ப் பெயர் முதலில் வருவது 10ஆம் நூற்றாண்டு முடியும் காலத்தில்தான். டர்ஹாம் ஆயர் ஆல்டூன் தன் திருச்சபையின் நிலங்களைச் சில பிரபுக்களுக்கு விட்டுக்கொடுத்த பட்டியலில் இந்த ஊரும் இருக்கிறது. கட்டடத்துக்கும் அந்தக் குறிப்புக்கும் நடுவே முந்நூறு ஆண்டு மௌனம்.

மரத்தில் கட்டியிருந்தால் வேலை சுலபமாக இருந்திருக்கும். எசெக்ஸில் கிரீன்ஸ்டெட் என்ற கிராமத்தில் ஓக் மரத்தைப் பிளந்து வரிசையாக நட்டுச் சுவராக்கிய தேவாலயம் ஒன்று இருக்கிறது. அதை 845ஆம் ஆண்டுக் கட்டடம் என்று நெடுங்காலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1990களில் மரத்தின் ஆண்டு வளையங்களை எண்ணிப் பார்த்ததில், அந்த மரங்கள் 1053க்குப் பிறகே வெட்டப்பட்டவை என்று தெரிந்தது. இருநூறு ஆண்டு ஒரே நாளில் குறைந்துபோனது. கல்லில் வளையம் கிடையாது. அதனால்தான் எஸ்கோம்பில் இத்தனை சாட்சிகளையும் சுற்றி வளைத்து விசாரிக்க வேண்டியிருக்கிறது.

தெற்குச் சுவரில் உயரத்தில் இருக்கும் சூரியக் கடிகாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பலர் அதைக் கவனிக்காமலே போய்விடுகிறார்கள். வட்டமான ஒரு கல்முகம். நடுவில் நிழல் விழ ஒரு கம்பி செருகும் துளை. அதிலிருந்து கீழ்நோக்கி மூன்று கோடுகள். விளிம்பைச் சுற்றி ஒரு பாம்பு புடைப்பாக வளைந்து கிடக்கிறது. அதற்கு மேலே ஒரு விலங்கின் தலை சுவரிலிருந்து துருத்திக்கொண்டு நிற்கிறது. பன்னிரண்டு மணி காட்டும் கடிகாரம் அல்ல இது. பகலை நான்காகப் பிரிக்கிறது, அவ்வளவே. மூன்று கோடுகளும் ஜெப வேளைகள். நம் வேதாகமத்தில் மூன்றாம் மணி, ஆறாம் மணி, ஒன்பதாம் மணி என்று வருகிறதே, அதே கணக்கு: காலை ஒன்பது, நண்பகல், பிற்பகல் மூன்று. நிழல் கோட்டைத் தொட்டால் வேலையை நிறுத்திவிட்டு ஜெபம். பாம்பு எதற்கு என்பதில் கருத்துகள் பல உண்டு. ஏதேன் தோட்டத்துச் சர்ப்பம் என்பவர்கள் உண்டு. மதம் மாறிய பின்னும் விலங்கு உருவங்களைப் பின்னிப் பின்னிச் செதுக்குவதை விடாத ஆங்கிலோ-சாக்சன் கைப்பழக்கம் என்பவர்களும் உண்டு. அந்தக் காலத்து நகைகள், ஏடுகளின் அலங்காரம் இவற்றைப் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு இரண்டாவதுதான் பொருத்தமாகப் படுகிறது. எப்படியானாலும், வைத்த இடத்திலேயே இன்றும் இருக்கும் சூரியக் கடிகாரங்களில் இங்கிலாந்தின் மிகப் பழையவற்றுள் ஒன்று இது. பிறகு வந்தவர்கள் வேறு இடத்துக்குப் பிடுங்கி நடவில்லை.

ஒரு திருத்தம். இன்று நாம் காணும் இரண்டு அறைகள் மட்டுமே தொடக்கத்தில் இருந்தன என்று நினைத்துவிடக் கூடாது. 1960களின் அகழாய்வில், மேற்குச் சுவரை ஒட்டி ஓர் அறையும் பீட அறைக்கு வடக்கே ஓர் அறையும் இருந்ததற்கான அடித்தளங்கள் வெளிப்பட்டன. வடக்கு அறைக்குப் போன வாசலின் அடைத்த தடம் சுவரில் இன்னும் தெரிகிறது. துணை அறைகள் போய்விட்டன, நடுக்கட்டடம் நின்றுவிட்டது.

இனி இரண்டாவது கேள்வி. எப்படித் தப்பியது?

என் பதில் ஒரே வரிதான்: இந்த ஊரில் பணம் இல்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கட்டடத்தின் வரலாறே அதுதான். அதே காலத்தில் கட்டிய பெரிய, புகழ்பெற்ற தேவாலயங்கள் என்னவாயின என்று பாருங்கள். ஆயர் வில்பிரிட் 670களில் ஹெக்சமிலும் ரிப்பனிலும் பிரம்மாண்டமான கல் ஆலயங்களைக் கட்டினார். இன்று இரண்டு ஊரிலும் தரைக்குக் கீழே இருக்கும் நிலவறைகள் மட்டுமே அவருடையவை; மேலே இருப்பதெல்லாம் பின்னால் வந்தவர்கள் கட்டியது. மங்க்வேர்மவுத்தில் பழைய மேற்குச் சுவரும் அதன் முகப்பும் மிச்சம். ஜாரோவில் பீட அறை மட்டும் மிச்சம். ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல்வழி வந்த வைக்கிங்குகள் 793இல் தொடங்கிய சூறையாடல்கள் ஒரு காரணம். ஆனால் பெரிய காரணம் அடுத்து வந்த செல்வமும் பெருமையும்தான். 1066க்குப் பிறகு நார்மன் ஆயர்கள் பழைய சாக்சன் ஆலயங்களை மதிக்கவில்லை. இடித்துவிட்டுத் தங்கள் பாணியில் பெரிதாகக் கட்டினார்கள். 1093இல் அடிக்கல் நாட்டிய டர்ஹாம் பேராலயமே அப்படி ஒரு பழைய ஆலயத்தை அகற்றி எழுந்ததுதான். எங்கெல்லாம் பணமும் யாத்திரீகர் கூட்டமும் இருந்ததோ அங்கெல்லாம் பழையது போயிற்று.

சாதாரண கிராமங்களிலும் இதன் சிறிய பதிப்பு நடந்தது. 12, 13ஆம் நூற்றாண்டுகளில் மக்கள்தொகை பெருகியபோது, ஊருக்கு ஊர் கூடத்தின் பக்கச் சுவரை உடைத்து, தூண்களும் வளைவுகளும் வைத்து, பக்கவாட்டில் தாழ்வாரம் சேர்த்தார்கள். பீட அறையை இடித்து நீளமாகக் கட்டினார்கள், மேற்கே மணிக்கூண்டு எழுப்பினார்கள். இங்கிலாந்தின் பழைய கிராமத் தேவாலயங்களில் பெரும்பாலானவற்றின் வரலாறு இதுதான். ஒவ்வொரு தலைமுறையும் ஒரு பகுதியைச் சேர்த்துக்கொண்டே போயிருக்கும். எஸ்கோம்பில் இதெல்லாம் நடக்கவில்லை. மத்திய காலத்தில் கூர்முனை ஜன்னல்கள் சில வெட்டினார்கள். தெற்கு வாசலுக்கு ஒரு முகமண்டபம் வைத்தார்கள். வளைவின் அடிப்பக்கத்தில் வண்ணம் தீட்டினார்கள்; அதன் சுவடு இப்போதும் மங்கலாகத் தெரிகிறது. அதற்கு மேல் செய்ய ஊருக்கு வசதி இல்லை, செய்ய வேண்டிய கூட்டமும் இல்லை.

கூட்டம் வந்தது 19ஆம் நூற்றாண்டில். டர்ஹாம் மாவட்டம் முழுக்க நிலக்கரிச் சுரங்கங்கள் திறந்த காலம் அது. எஸ்கோம்ப் பகுதியிலும் தொழிலாளர் குடும்பங்கள் பெருகின. இந்தச் சின்னக் கூடம் போதவில்லை. இங்கேதான் அதிர்ஷ்டம் குறுக்கிட்டது. பழையதை இடித்துப் பெரிதாக்குவதற்குப் பதில், மேட்டில் வேறு இடத்தில் 1863இல் புதிய தேவாலயம் கட்டிக்கொண்டார்கள். பழையது கைவிடப்பட்டது, கூரை சீர்குலைந்தது. இன்னும் ஒரு தலைமுறை அப்படியே விட்டிருந்தால் சுவரும் விழுந்திருக்கும். ஆனால் இடிக்கவில்லை என்பதுதான் பெரிய விஷயம்.

1870களின் பிற்பகுதியில் அக்கம்பக்கத்தில் பின்செஸ்டர் கோட்டையை அகழ்ந்துகொண்டிருந்த ஹூப்பல் என்ற பாதிரியார், இது சாக்சன் காலத்துக் கட்டடம் என்று 1879இல் அறிஞர் உலகத்துக்கு எடுத்துச் சொன்னார். ரோமானியக் கல்லை நாள்தோறும் கையில் எடுத்துப் பார்த்த மனிதர் இந்தச் சுவரைப் பார்த்தது நல்ல பொருத்தம். 1880க்குள் கூரை போட்டு, பழுது பார்த்து மீட்டெடுத்தார்கள். அந்தப் பழுதுபார்ப்பு அடக்கமாக நடந்தது என்பதற்கு நாம் நன்றி சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்தக் காலத்தில் இங்கிலாந்தில் ‘புதுப்பிப்பு’ என்ற பெயரில் பழைய தேவாலயங்களின் பூச்சைச் சுரண்டி, உண்மையான பழைய பகுதிகளை எடுத்துவிட்டு, கற்பனையான ‘பழமை’யைக் கட்டி வைப்பது ஒரு மோகமாகவே இருந்தது. அதை எதிர்த்துத்தான் கவிஞரும் வடிவமைப்புக் கலைஞருமான வில்லியம் மோரிஸ் 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். எஸ்கோம்ப் அந்த மோகத்திலிருந்தும் தப்பியது.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. மேட்டில் கட்டிய புதிய தேவாலயம் 20ஆம் நூற்றாண்டில் இடிக்கப்பட்டுவிட்டது. சபை மறுபடி கீழே இறங்கிப் பழைய கூடத்துக்கே வந்தது. இன்று இது அருங்காட்சியகம் அல்ல. ஆங்கிலிக்கன் சபையின் பங்குத் தேவாலயம். வழிபாடு நடக்கிறது. சட்டப்படி முதல் நிலைப் பாதுகாப்புப் பெற்ற கட்டடமும்கூட.

பட்டங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ‘இங்கிலாந்தின் மிகப் பழைய தேவாலயம்’ என்று எஸ்கோம்பைச் சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. கேன்டர்பரியில் உள்ள புனித மார்ட்டின் தேவாலயம், 597இல் ரோமிலிருந்து மதம் பரப்பப் புனித அகுஸ்தீன் வந்து இறங்குவதற்கு முன்பே கென்ட் நாட்டு அரசி பெர்த்தா வழிபட்ட இடம். எசெக்ஸ் கடற்கரையில் பிராட்வெல்லில், ரோமானியக் கோட்டையின் மதிலிடத்தில் அதே கோட்டைக் கல்லைக் கொண்டு செட் என்ற ஆயர் 654 வாக்கில் கட்டிய சிற்றாலயமும் வயதில் மூத்தது. அது நெடுங்காலம் தானியக் கிடங்காகக் கிடந்து 20ஆம் நூற்றாண்டில் மீண்டது. ஆனால் அங்கே பீட அறை போய்விட்டது. கேன்டர்பரியில் பல காலத்து வேலைகள் கலந்திருக்கின்றன. எஸ்கோம்பின் பெருமை வயதில் மட்டும் இல்லை. 7ஆம் நூற்றாண்டில் ஒருவர் நின்ற கூடத்தில், அதே நான்கு சுவருக்குள், அதே வளைவைப் பார்த்தபடி இன்று நாம் நிற்க முடிகிறது. இவ்வளவு முழுமை அந்தக் காலத்துத் தேவாலயங்களில் மிக அரிது.

போய்ப் பார்ப்பதாக இருந்தால் சில யோசனைகள். பிஷப் ஆக்லண்டு வரை ரயில் உண்டு. தேவாலயம் பூட்டியிருந்தால் கவலை வேண்டாம். எதிரில் உள்ள ஒரு வீட்டின் வெளிச்சுவரில் சாவியைத் தொங்கவிட்டு, பார்த்துவிட்டு அதே இடத்தில் மாட்டிவிடுங்கள் என்று விட்டிருப்பது அந்த ஊரின் நெடுநாள் வழக்கம். கிளம்புமுன் இப்போதைய ஏற்பாட்டை ஒருமுறை விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே போவதற்கு முன் வெளியே ஒரு சுற்று சுற்றுங்கள்: தெற்கில் சூரியக் கடிகாரம், வடக்கில் தலைகீழ்க் கல். பிறகு உள்ளே போய் மேற்குக் கோடியில் நின்று கிழக்கே பாருங்கள். வளைவின் பக்கக் கால்களைக் கையெட்டும் தூரத்தில் நின்று பார்த்தால் நெட்டுக்கல், படுக்கைக்கல் மாறி வருவது புரியும்.

நேரம் இருந்தால் அதே நாளில் பின்செஸ்டருக்கும் போங்கள்; கோடைக்காலத்தில் திறந்திருக்கும். அங்கே தரைக்குக் கீழே சூடான காற்றை ஓடவிட்டுக் கதகதப்பாக்கிய ரோமானியக் குளியலறை நன்றாக எஞ்சியிருக்கிறது. எஸ்கோம்பின் கல் வந்த வீட்டை நேரிலேயே பார்த்தது போலாகும். மறுநாள் ஜாரோ. அங்கே ஆலய அர்ப்பணிப்பைச் சொல்லும் கல்வெட்டு, 685 ஏப்ரல் 23 என்று நாள் குறித்து, நார்தம்ப்ரியா அரசர் எக்ப்ரித்தின் 15ஆம் ஆட்சியாண்டு என்று சொல்லி, இன்றும் சுவரில் இருக்கிறது. ஜாரோவின் பழைய பீட அறையில் தெற்குச் சுவரின் மூன்று சிறு ஜன்னல்களைப் பார்த்துவிட்டு எஸ்கோம்பின் ஜன்னல்களை நினைத்துப் பாருங்கள். நாள் குறித்த கட்டடத்தையும் நாள் குறிக்காத கட்டடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத்தான் ஆய்வாளர்கள் அந்த 670–690 என்ற கணக்குக்கு வந்தார்கள்; அதே ஒப்பீட்டை நீங்களும் செய்துவிடலாம்.